மலையில் பார்த்து வாங்கிய லென்ஸ்

மொட்டை மாடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளங்கை அகலச் சட்டைகள். அவற்றுக்கு நடுவே நின்று ஒரு பழைய லென்ஸை என் கேமராவில் மாட்டினேன். சரியாக உட்கார்ந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. நல்ல லென்ஸுக்கு அந்தச் சத்தம் உண்டு.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய அடுக்கு வீடு அது. சிமெண்டு வாசனை இன்னும் போகவில்லை. கீழே யாரோ வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணி இருக்கும். வெயில் நேராக மலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

லென்ஸை விற்கிறவர் பெயர் சாந்தகுமார். அரசாங்க வேலை. முப்பது வயது தாண்டியிருக்காது. தோளில் ஐந்து மாதப் பெண் குழந்தை. அதன் எச்சில் அவர் பனியனில் வழிந்து ஈரமாகியிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"பங்கஸ் ஒண்ணும் கிடையாதுங்க. அரிசி டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். ஈரம் அண்டாது."

"அரிசி எடுக்கப் போனா கைக்கு லென்ஸு வருது" என்று படிக்கட்டிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "நீங்களே எடுத்துனு போயிடுங்க."

சிரித்தோம். லென்ஸை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை. கீறல் இல்லை. கொஞ்சம் அரிசித் தவிடு மட்டும் விளிம்பில் ஒட்டியிருந்தது.

"நான் மலைய மட்டும்தான் எடுத்திருக்கேன்" என்றார் சாந்தகுமார். "மலை, மலைக்கு மேல நிலா, தீபம். ஆளுங்கள எடுத்ததில்ல. எடுத்தா எப்படி வருமோ தெரியாது. உண்மையச் சொல்லிடறேன்."

நான் மலையைப் பார்த்துத் திருப்பினேன். கேமரா 'பீப்' என்றது. அழுத்தினேன். பாறை பாறையாக, புதர் புதராக மலை படத்தில் விழுந்தது. உச்சிப் பக்கம் ஒரு வெள்ளைத் துணி யாரோ விட்டுப்போனது போலக் கிடந்தது. அதுகூட விழுந்தது.

"பாப்பாவ ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்" என்றார். குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி என் பக்கம் திருப்பிப் பிடித்தார். கன்னத்தில் மைப்பொட்டு. அது என்னைப் பார்த்தது.

"வேணாங்க. மலையில பாத்தாச்சு இல்ல, போதும்."

கேமராவைப் பையில் வைத்துவிட்டேன்.

எல்லோரும் மலையைத்தான் பார்ப்பார்கள்

இந்த ஊரில் படம் எடுத்துப் பிழைப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும், புதிதோ பழையதோ, முதலில் அதைக் கொண்டுபோய் மலைக்குக் காட்டுவார்கள். கல்யாணம் எடுப்பவரும் அப்படித்தான், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பவரும் அப்படித்தான். ரிப்பேர் கடைக்காரர் திருகை முடுக்கிவிட்டு நேராகத் தெருவுக்கு வந்து, இரண்டு கூரைகளுக்கு நடுவே தெரியும் மலையை ஒரு படம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் லென்ஸைத் தருவார். சிலர் சூடம் காட்டிவிட்டு எடுப்பார்கள்.

காரணம் கேட்டால் யாரும் சாமியைச் சொல்ல மாட்டார்கள். "அது ஆடாது, கண்ண மூடாது, காப்பி கேக்காது" என்பார்கள்.

நான் இந்த ஊருக்கு வந்து ஆறேழு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் எங்கெங்கோ இருந்தேன். குண்டூர் மிளகாய்க் கிடங்கில் மூட்டை தூக்கியதை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கல்யாணத்துக்கு முன்பே சித்தூரில் ஒரு கல்யாண வீடியோக்காரருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்று, அப்படியே கேமராவும் பிடிக்கத் தெரிந்துகொண்டேன்.

இப்போது அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் நிற்கிறேன். நடந்து வருகிறவர்களை மலை பின்னால் தெரிகிற மாதிரி நிறுத்தி எடுத்து, சின்ன மெஷினில் அங்கேயே பிரிண்ட் போட்டுத் தருவேன். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இருந்தாலும் ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் காகிதத்தில் படம் கேட்பார்கள். பூஜை அறையில் வைக்க வேண்டுமாம்.

அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பாபாய், கொண்ட படுதுந்தா?" மலை விழுமா என்று. தங்கள் முகம் எப்படி வரும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

துண்டு கட்டிய தலை

ஒரு காலத்தில் என்னிடம் இதே அளவு லென்ஸ் ஒன்று இருந்தது. ஆள் முகம் எடுப்பதற்கென்றே உள்ள லென்ஸ். அதை வைத்து நான் முதலில் எடுத்தது என் மனைவி அஞ்சலையை.

கீழ்பென்னாத்தூரில் அவள் அண்ணன் ஏழுமலை வீட்டுப் பின்பக்கம். மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அஞ்சலை தலைக்குக் குளித்துவிட்டு, துண்டு கட்டிய தலையோடு காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். "இன்னா?" என்று எரிச்சலோடு திரும்பினாள். அந்த 'இன்னா'வில் எடுத்தது. மோவாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும் அந்தப் படத்தில்.

அந்த லென்ஸ் பெல்லாரியில் போனது. காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்தேன். எழுந்தபோது கேமரா இருந்தது, லென்ஸ் இல்லை. நானேதான் விற்றிருக்கிறேன். யாரிடம் என்று நினைவில்லை.

எங்கள் மகள் கௌசல்யாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது, இரண்டு நாள் கல்யாண வேலை என்று சொல்லி சித்தூருக்குப் பஸ் ஏறினேன். பதினாறு வருடம் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. வேறு பெண்ணும் இல்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தால் எனக்கே சௌகரியமாக இருக்கும். சித்தூர் வேலை முடிந்தது. அனந்தபூரில் ஒரு வேலை இருக்கிறது என்றார்கள். போனேன். அவ்வளவுதான்.

போய் ஒரு வருடம் ஆனபிறகு, எந்த முகத்தோடு திரும்புவது என்று ஒரு வருடம். பிறகு அந்த யோசனையும் நின்றுவிட்டது.

அஞ்சலை இறந்தது எனக்கு ஏழு மாதம் கழித்துத் தெரிந்தது. குண்டக்கல் ரயில் நிலையத்தில் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அவரோடு டீ குடித்தேன். பிறகு ரயில் வந்தது, அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூருக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. பஸ் நிலையத்தில் அந்தப் பெயர்ப் பலகை போட்ட பஸ் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை.

அஞ்சலை பொண்ணு

ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். அவர் நின்றார். என் பையில் போன் நம்பர் ஒட்டியிருக்கும். அதைப் படித்தார். அப்படியே நடந்துவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்து ஒரு போன் வந்தது.

"ஹலோ, நான் கௌசல்யா பேசறேன். கீழ்பென்னாத்தூர்ல இருந்து."

"எந்தக் கௌசல்யாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அஞ்சலை பொண்ணு" என்றாள்.

நான் பாதையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"கல்யாணம் வச்சிருக்குது. போட்டோ எடுக்க வர முடியுங்களா? மாப்ள வூட்டுல ஆளுங்க வராங்க, வீடியோ அல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. எனக்கு ஒரு போட்டோ மட்டும்தான் வேணும்."

"சொல்லும்மா."

"அம்மா போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் வூட்டுல இருக்குது. தலையில துண்டு கட்டினு. நீங்க எடுத்ததுன்னு மாமா சொன்னாரு. அதே மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். தாலி கட்டும்போது. மூஞ்சி மட்டும்."

ஐந்து வயதில் அவள் என்னை நைனா என்று கூப்பிடுவாள். வா நைனா, போ நைனா என்பாள். இப்போது 'நீங்க' என்றாள். மேலே எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை.

"அங்க ஜனங்க எதுனா பேசுவாங்க. கண்டுக்காதீங்க" என்றாள். "போட்டோ எடுக்க வந்தவங்களாவே இருந்துட்டுப் போயிடுங்க. மாமாவும் அத்தையும்தான் மனையில உக்காருவாங்க. பேசி முடிச்சாச்சு."

"நியாயம்தாம்மா."

"நியாயம்னு சொல்லல. சொல்லிட்டேன், அவ்ளோதான்."

அவளுக்கு நான் கொடுக்கக்கூடியது என்று இந்த உலகத்தில் ஏதாவது இருந்தால் அது அந்த ஒரு படம்தான். என்னிடம் இருந்த லென்ஸால் முடியாது. வெயிலில் கூட்டத்தை எடுக்கிற லென்ஸ் அது, மண்டப வெளிச்சத்துக்குத் தாங்காது. அதனால்தான் சாந்தகுமார் வீட்டு மொட்டை மாடி ஏறினேன். என் மொபெட்டைக் கொடுத்துவிட்டு அந்த லென்ஸை வாங்கினேன்.

வேங்கிக்காலிலிருந்து நடந்தே திரும்பினேன். வழியெல்லாம் மலை இடது பக்கமும் நேர் எதிரிலுமாக வந்துகொண்டிருந்தது. நான்கு இடத்தில் நின்று எடுத்தேன். நான்கும் கண்ணாடி போல இருந்தன. வழியில் இளநீர் விற்கிற ஒருவரிடம் காட்டினேன். "மலைய இவ்ளோ கிட்டக்க நான் பாத்ததே இல்லபா" என்றார். அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆட்களையும் எடுத்துப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மறுநாள் நல்ல வெயிலில், கடப்பாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை வழக்கம் போல மலைக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். ஆட்களும் விழுந்தார்கள், மலையும் விழுந்தது. பிரிண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

வெயிலில் லென்ஸின் துவாரத்தை ஊசிக்கண் அளவுக்குச் சுருக்கி வைப்போம். சுருக்கினால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் எல்லாமே தெளிவாக வரும். லென்ஸில் குறை இருந்தாலும் மறைந்துவிடும். மண்டபத்தில் வெளிச்சம் கம்மி. துவாரத்தை முழுக்கத் திறக்க வேண்டும். அப்போது நான்கு விரல் ஆழத்துக்குத்தான் தெளிவு இருக்கும், மற்றதெல்லாம் கரைந்துபோகும். அந்த நான்கு விரல் எங்கே விழுகிறது என்பதுதான் லென்ஸ்.

இது எனக்குத் தெரியும். சித்தூரில் விளக்குப் பிடித்த காலத்திலிருந்தே தெரியும். ஒரு அறைக்குள், ஜன்னல் ஓரமாக, ஒரு ஆளை உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மொட்டை மாடிப் படிக்கட்டு நிழலில் அந்தக் குழந்தையை எடுத்திருந்தால்கூடப் போதும்.

எடுக்கவில்லை.

ஒரு மூஞ்சி

முகூர்த்தத்தன்று முதல் பஸ். பதினாறு வருடம் ஏறாத பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் ஏழுமலை பட்டு வேட்டியோடு நின்றிருந்தார். தன் தங்கச்சி புருஷன் என்று ஒரு காலத்தில் என்னை "வா மாப்ள" என்று கட்டிக்கொண்டவர். இரண்டு கையையும் குவித்தார்.

"வாங்க" என்றார். எல்லோருக்கும் சொன்ன அதே 'வாங்க'.

அவர் மனைவி மல்லிகா பின்னாலிருந்து வந்தார். "போட்டோக்காரங்களுக்கு மொதல் பந்தியிலயே எல போடச் சொல்லிட்டேன். சாப்ட்டு வந்து எடுங்க." என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துச் சொன்னார்.

சாப்பிட்டேன். இட்லி, பொங்கல், கேசரி. இரண்டாம் தடவையும் கேட்காமலே வைத்தார்கள். பசி இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் படக்காரர்கள் ஐந்து பேர், கறுப்புச் சட்டை போட்டு, மேடை முழுக்க நின்றார்கள். ஒரு பையன் என் கேமராவைப் பார்த்துவிட்டு விசிலடித்தான்.

"பெருசு, இத இன்னா மியூசியத்துல இருந்து எடுத்துனு வந்தியா?"

"அங்கதாம்பா நானும் இருந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லென்ஸை எட்டிப் பார்த்தான். "நல்ல லென்ஸு தான் பெருசு. ஆனா முழுசா ஓப்பன் பண்ணி எடுக்காத. ஒரு மூஞ்சிதான் விழும்."

"எனக்கு ஒரு மூஞ்சி போதும்பா" என்றேன்.

அவன் நல்ல பையன். மேடைக்குக் கீழே வலது ஓரத்தில் எனக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தான். அங்கிருந்து பார்த்தால் பெண் உட்காரும் மனை நேராகத் தெரியும்.

கௌசல்யா வந்தாள். அரக்குப் புடவை. மாலை கனம் தாங்காமல் கழுத்தைச் சற்று முன்னால் தள்ளி நடந்தாள். நான் கேமரா வழியாகத்தான் பார்த்தேன். நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மோவாய் அப்படியே அஞ்சலை.

அய்யர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்: "பொண்ணோட தாயார் தகப்பனார் வாங்கோ."

என் வலது கால் ஓர் அடி எடுத்து வைத்தது. சத்தியமாக வைத்தது. பக்கத்தில் இருந்த கறுப்புச் சட்டைப் பையன், "பெருசு, ப்ரேம்ல வர்றே" என்று என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் பின்னால் வந்துவிட்டேன்.

ஏழுமலையும் மல்லிகாவும் போய்த் தாரை வார்த்தார்கள். தண்ணீர் அவர் விரல்களுக்கு நடுவே ஒழுகியது. அதையும் எடுத்தேன். எடுக்கத்தானே வந்திருக்கிறேன்.

கெட்டிமேளம். அட்சதை மழை மாதிரி விழுந்தது. ஏழுமலை எழுந்து பெண்ணுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றுகொண்டார். மாப்பிள்ளை கை கழுத்துக்குப் பின்னால் போனது. குனிந்திருந்த கௌசல்யா நிமிர்ந்தாள். அத்தனை கேமரா விளக்குகளுக்கு நடுவே, வலது ஓரத்தில் என்னைத் தேடிப் பிடித்து, என் லென்ஸுக்குள் நேராகப் பார்த்தாள்.

பீப். அழுத்தினேன். திரும்பவும் அழுத்தினேன். மொத்தம் ஏழு.

என் கேமராவின் பின்பக்கத் திரையில் குறுக்கே ஒரு விரிசல். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பொத்தானும் எப்போதோ உடைந்துவிட்டது. நெருப்புப்பெட்டி அளவுக்குத்தான் பார்க்க முடியும். அந்த அளவில் அவள் அப்படியே இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் போகும் வழியில் கௌசல்யா என் பக்கம் நின்றாள். மாப்பிள்ளை இரண்டு அடி முன்னால் போயிருந்தார்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேம்மா."

"நல்லா வந்துச்சா?"

"உங்கம்மா மாதிரியே."

தலையை ஆட்டினாள். கண் கொஞ்சம் கலங்கிய மாதிரி இருந்தது. ஹோமப் புகையாகவும் இருக்கலாம். அவள் பிறந்து வளர்ந்தபின் என்னோடு நேருக்கு நேர் பேசியது இவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று முறை கேமராவைத் திறந்து அந்த நெருப்புப்பெட்டியைப் பார்த்தேன்.

பெரிய திரை

தேரடி வீதியில் ஒரு ஸ்டுடியோவில்தான் எனக்குப் பெரிய பிரிண்ட் எல்லாம் போடுவார்கள். பாபு என்பவன் கடை. மதிய நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். கார்டைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டான்.

முதல் படம் திரை முழுக்க விரிந்தது.

"இன்னாண்ணே இது" என்றான். "பொண்ணு மூஞ்சி சோப்பு நொர மாதிரி இருக்குது."

"அடுத்தது போடு."

அடுத்தது போட்டான். அதற்கடுத்தது. ஏழையும் போட்டான். பிறகு காலையிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளினான். முன்னால் இருக்கிற முகம் எல்லாம் கரைந்திருந்தது. பின்னால் இருக்கிற குத்துவிளக்கு, வாழைமரம், மேடை ஜரிகை எல்லாம் எண்ணி எடுக்கிற மாதிரி இருந்தன.

"ஃபோகஸு ஒரு முழம் பின்னாடி வுழுதுண்ணே. லென்ஸு உள்ள எதோ நவுந்துக்கீது. ரூமுல வச்சு ஆளுங்கள எடுத்துப் பாக்கலையா நீ?"

"மலையில பாத்தேன்."

"மலையில எதுதாண்ணே வுழல?" என்றான். உடனே அவனுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "நானும் அங்கதாண்ணே பாப்பேன்" என்று முணுமுணுத்தான்.

தாலி கட்டும் படத்துக்குத் திரும்பப் போனான். பெரிதாக்கினான். கௌசல்யா எங்கே பார்க்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு கறுப்புத் தீற்றல், ஒரு சிவப்புத் தீற்றல். அவளுக்கு ஒரு முழம் பின்னால் ஏழுமலை நின்றிருந்தார்.

"இவருதாண்ணே சூப்பரா வந்துக்கீறாரு" என்றான் பாபு. "பாரேன், மீசையில வெள்ள முடி தனித்தனியாத் தெரியுது. கண்ணுல தண்ணி நிக்குது, அது கூட. யாருண்ணே இவரு, பொண்ணோட அப்பாவா?"

"ஆமா" என்றேன்.

வெளியே ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். பாபு எழுந்து போய் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு வந்தான்.

"ஒண்ணு பண்ணலாம்ணே" என்றான் பாபு. "இப்ப ஏஐ வந்துடுச்சு இல்ல. அதுல போட்டா மூஞ்சிய வரவழச்சிடும்."

போட்டான். ஒரு வட்டம் சுற்றியது. முகம் வந்தது. வழவழவென்று, அழகான முகம். இமை முடிகூட வரைந்த மாதிரி வந்திருந்தது. மோவாய் கூராக இருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"பொண்ணுதாண்ணே."

"இல்ல."

"யாருக்குண்ணே தெரியப் போவுது?"

"அழிச்சுடு பாபு."

அழித்தான்.

கார்டு

பத்து நாள் கழித்து கௌசல்யா போன் செய்தாள். மறுவீடு எல்லாம் முடிந்து, திருக்கோவிலூர்ப் பக்கம் மாமியார் வீட்டிலிருந்து பேசினாள். குரலில் ஓர் அவசரம் இருந்தது.

"அந்தப் போட்டோ வந்துடுச்சுங்களா? ப்ரேம் போடறதுக்கு இங்க ஒரு கடையில சொல்லி வச்சிருக்கேன். அம்மாது இருக்கிற அதே சைஸ்ல."

"கார்டு கெட்டுப்போச்சும்மா" என்றேன்.

"எந்தக் கார்டு?"

"கேமராவுல போடறது. அதுலதான் எல்லாப் போட்டோவும் இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டா தெறக்கல."

"ஒண்ணு கூடவா இல்ல?"

"ஒண்ணு கூட இல்ல."

"சரி" என்றாள். பிறகு, "பரவால்ல. மாப்ள வூட்டுக்காரங்க எடுத்தது நெறைய இருக்குது" என்றாள். அவள் எனக்குச் சமாதானம் சொல்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள், "வச்சிடறேங்க" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பேசவில்லை. நானும் அழைக்கவில்லை.

லென்ஸ் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பார்த்து வாங்கவில்லையா என்று கேட்பாள். பார்த்தேன், மலையில் பார்த்தேன் என்பேன். ஏன் ஓர் ஆளை வைத்துப் பார்க்கவில்லை என்பாள். அப்போது நான் அந்த மொட்டை மாடியைச் சொல்ல வேண்டியிருக்கும். ஓர் அப்பன் தன் பெண்ணைத் தூக்கி என் முன்னால் நீட்டினான், அந்த இருவரையும் ஒரு சட்டத்துக்குள் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். கார்டு கெட்டுப்போனால் அது மெஷினோடு போயிற்று, யாரையும் எதுவும் கேட்க வேண்டாம்.

லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சாந்தகுமாரிடம் திருப்பிக் கேட்கவில்லை, அவர் உள்ளதைச் சொல்லித்தான் விற்றார். தினமும் காலையில் அடி அண்ணாமலைக்கு நடந்து போய் அதே லென்ஸில்தான் எடுக்கிறேன். வெயிலில் ஒரு குறையும் இல்லை. மலை நன்றாக விழுகிறது.

இந்தத் தொடரில் எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கௌசல்யா என்பது அவள் பெயர் இல்லை. ஏழுமலை வீட்டில் அந்தக் காலத்தில் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குவார்கள். மல்லிகா படித்துவிட்டு அஞ்சலைக்குக் கொடுப்பார். இப்போதும் வாங்குகிறார்களா தெரியாது. வாங்கினால், இது யாரைப் பற்றி என்று அவர்களுக்குத் தெரியும். அவளுக்கும் சொல்வார்கள்.

கார்டு கெடவில்லையம்மா. எல்லாப் படமும் இருக்கிறது. நீ என்னைத் தேடிப் பார்த்தாய், நானும் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன். உன் முகம் விழவில்லை. உன் மாமா விழுந்திருக்கிறார். அவரை மட்டும் தனியாக வெட்டி, உன் அம்மா படத்தின் அளவிலேயே ஒரு பிரிண்ட் போட்டுத் தேரடி வீதி ஸ்டுடியோவில் கொடுத்து வைத்திருக்கிறேன். கல்யாண நாளைச் சொன்னால் எடுத்துத் தருவான்.

கடைக்காரன் கேட்டால், பெண்ணோட அப்பா படம் என்று சொல்லம்மா. அந்தப் பெயரில்தான் உறை போட்டு வைத்திருக்கிறான்.